பாய்மரப் படகுக்கு எந்த புரொப்பல்லர்?

பாய் இருக்கும்போது இஞ்சின் எதற்கு என்று நம் கடற்கரையில் கேட்பார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் காற்று இறங்கி வீசும்போது இதற்குப் பதில் சொல்வது சிரமம். பங்குனி, சித்திரையில் உவரிக்கும் இடிந்தகரைக்கும் நடுவில் காற்று விழுந்து, நீரோட்டம் மட்டும் படகை அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போனால் பதில் தானாகப் புரிந்துவிடும். தூத்துக்குடி துறைமுகத்துக்குள் நுழைய இஞ்சின் வேண்டும். நங்கூரம் பிடி விட்டுப் படகு கரையை நோக்கி நகர்ந்தால் தப்பிக்க வேண்டும். எதிரே கப்பல் வந்தால் சட்டென்று விலக வேண்டும். பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணிகளிலும் பிறகு டீசல் இஞ்சின் ஏறியது இதனால்தான்.

இந்தக் கட்டுரை அந்த இஞ்சினின் மறுமுனையில், நீருக்கடியில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் புரொப்பல்லரைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, பாய் விரித்து நெடுந்தூரம் போகிற பயணப் படகின் புரொப்பல்லரைப் பற்றியது. உள்ளே படுக்கவும் சமைக்கவும் இடம் வைத்து, நாள்கணக்கில் கடலில் இருப்பதற்காகக் கட்டிய படகு இது. நம் கடற்படையின் தாரிணி இந்த வகைதான். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, தில்னா, புதுச்சேரிக்காரரான ரூபா அழகிரிசாமி என்ற இரண்டு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். தாரிணி 56 அடிப் படகு. நாம் அதைவிடச் சின்னதை, 30 முதல் 35 அடி வரை உள்ள ஒரு குடும்பப் படகை எடுத்துக்கொள்வோம்.

மீன்பிடி ஃபைபர் படகுக்கு புரொப்பல்லர் வாங்குவதில் ஒரே ஒரு கேள்விதான்: நன்றாகத் தள்ளுகிறதா? பாய்மரப் படகில் கேள்வி இரண்டு, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. இஞ்சின் ஓடும்போது இறக்கைகள் நீரை நன்றாகப் பிடிக்க வேண்டும். பாய் விரித்து இஞ்சினை அணைத்துவிட்டால் அதே இறக்கைகள் நீரை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் படகை இழுத்துப் பிடிக்கும். இது இன்று வந்த தொல்லை இல்லை. 1860-ல் பிரிட்டன் நீரில் இறக்கிய வாரியர் என்ற போர்க்கப்பலுக்குப் பாயும் இருந்தது, நீராவி இஞ்சினும் இருந்தது. பாயில் ஓடும்போது அதன் புரொப்பல்லரை அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகள் வடம் பிடித்து இழுத்தால்தான் அது மேலே வரும். அவ்வளவு பாடுபட்டாவது இழுவையைக் குறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு அந்த வேலையைத் தானாகச் செய்யும் புரொப்பல்லர்கள் கடையில் கிடைக்கின்றன, விலைதான் கனமானது.

ஆனால் அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் அளவு சரியாக இருக்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவு தப்பான விலை உயர்ந்த புரொப்பல்லரைவிட, அளவு சரியான சாதாரண புரொப்பல்லர் எவ்வளவோ மேல். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அளவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

குடத்தில் அடித்திருக்கும் எண்கள்

இஞ்சின் சுழற்றும் தண்டான சாஃப்ட்டில் மாட்டும் நடுப்பகுதியான குடத்தில், உப்பும் பாசியும் சுரண்டிப் பார்த்தால், 16 × 11 ஆர்.எச். என்பதுபோல ஏதாவது அடித்திருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இறக்கைகளின் நுனி சுழலும்போது போடுகிற வட்டத்தின் குறுக்களவு அது. இரண்டு இறக்கை உள்ளதை நுனிக்கு நுனி அளந்துவிடலாம். மூன்று இறக்கை என்றால் மையத்திலிருந்து ஒரு நுனிவரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும்.

இரண்டாவது எண் பிட்ச். இறக்கை சற்றும் வழுக்காமல் நீரை அறுத்துக்கொண்டு போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் அது முன்னேறும் தூரம்தான் பிட்ச். 11 என்றால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம். இறக்கையின் சாய்வு கூடினால் பிட்ச் கூடும். ஆர்.எச். என்றால் வலச்சுற்று: படகுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்னோக்கிப் போகையில் கடிகார முள் திசையில் சுற்றும். எல்.எச். என்றால் இடச்சுற்று. இது கியர் பாக்ஸ் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது, நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

பழைய படகு வாங்கினால் பல சமயம் இந்த எண்கள் தேய்ந்து போயிருக்கும். பிட்ச்சை வீட்டிலேயே அளக்கலாம். கழற்றிய புரொப்பல்லரைச் சமமான சிமென்ட் தரையில் குடம் கீழே இருக்கும்படி வையுங்கள். விட்டம் 16 அங்குலம் என்றால் ஆரம் 8. மையத்திலிருந்து ஆரத்தின் பத்தில் ஏழு பங்கு தூரத்தில், அதாவது 5.6 அங்குலத்தில், இறக்கையின் குறுக்கே சாக்பீஸால் ஒரு வளைவுக் கோடு போடுங்கள். அந்தக் கோடு இறக்கையின் இரண்டு ஓரங்களையும் தொடுகிற இடங்களில் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டத்தை நிறுத்தி, தரையிலிருந்து ஒவ்வொரு ஓரமும் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஒன்று மற்றதைவிட ஒன்றேகால் அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த இரண்டு இடங்களையும் தரையில் குறித்து, நடுவில் உள்ள கிடைத்தூரத்தை அளந்தால் 4 அங்குலம். 5.6 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 35.2. அதை ஒன்றேகாலால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 11. பிட்ச் 11 அங்குலம். ஒவ்வொரு இறக்கையையும் இப்படி அளந்து பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் வேறு எண் காட்டினால் அது எங்கேயோ அடிபட்டு வளைந்திருக்கிறது, படகு அதிர்வதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

கணக்கு எப்படி வருகிறது

ஒரு படகை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். நீரைத் தொடும் நீளம் 28 அடி, இஞ்சின் 30 குதிரைத்திறன், உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 3600 சுற்று, கியர் பாக்ஸ் விகிதம் 2.62. அப்படியென்றால் சாஃப்ட் சுற்றுவது 3600-ஐ 2.62-ஆல் வகுத்தால் வருகிற 1374 சுற்று.

அடியில் கீல் என்ற கனமான பகுதி நீட்டிக்கொண்டிருக்கும் பாய்மரப் படகு நீரைப் பிளந்துகொண்டுதான் போகும், ஃபைபர் படகுபோல நீரின் மேல் ஏறிப் பறக்காது. அதனால் அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும், நாட் கணக்கில். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 28-ன் வர்க்கமூலம் 5.29, எனவே வரம்பு சுமார் 7 நாட். 30-க்குப் பதில் 60 குதிரைத்திறன் வைத்தாலும் இதைத் தாண்டிப் பெரிதாகப் போகாது, பின்னால் எழும் அலைதான் பெரிதாகும்.

7 நாட் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,500 அங்குலம். அதை 1374 சுற்றால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 6.2 அங்குலம். அப்படியானால் 6 அங்குல பிட்ச் போதுமா? போதாது. நீர் கெட்டிப் பொருள் இல்லை, இறக்கை தள்ளும்போது பின்னால் நழுவும். அந்த நழுவல் இருந்தால்தான் தள்ளுவிசையே பிறக்கும், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். 7 நாட் வேகத்தில் போகும் இந்த மாதிரிப் படகில் நழுவல் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். 45 என்று வைத்தால் மீதி 55. 6.2-ஐ 0.55-ஆல் வகுத்தால் 11.3. ஆக பிட்ச் 11 அங்குலம்.

விட்டத்துக்கு வருவோம். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றுவது, சின்னது வேகமாகச் சுற்றுவதைவிடத் திறமையாகத் தள்ளும். அதனால்தான் கியர் பாக்ஸ் வைத்துச் சுற்றைக் குறைக்கிறார்கள். ஆனால் பெரிதாக வைக்க இரண்டு தடை: இஞ்சினால் சுற்ற முடிய வேண்டும், படகின் அடிப்பாகத்தில் இடிக்கக் கூடாது. 30 குதிரைத்திறனை 1374 சுற்றில் ஏற்றுக்கொள்ள சுமார் 16 அங்குல விட்டம் சரியாக வரும். இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவில் விட்டத்தில் குறைந்தது 10 சதவீதமாவது இடைவெளி வேண்டும், 15 சதவீதம் இருந்தால் நிம்மதி. 16 அங்குலத்துக்கு அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கீழ்வரை. இடைவெளி குறைந்தால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது படகின் அடியில் ஒரு தட்டு தட்டும், உள்ளே படுத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. அந்த இடம் இல்லையென்றால் விட்டத்தைக் குறைத்து பிட்ச்சைச் சற்றுக் கூட்ட வேண்டியதுதான். விட்டத்தில் ஒரு அங்குலம் என்பது பிட்ச்சில் ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்குச் சமமான சுமை என்று வைத்துக்கொள்ளலாம்.

இஞ்சின் சொல்வதைக் கேட்பது

கணக்கு ஒரு தொடக்கம்தான். கடைசித் தீர்ப்பு கடலில். காற்றும் அலையும் இல்லாத காலையில், அடி சுத்தமாக, தண்ணீர்த் தொட்டியும் டீசலும் நிறைந்திருக்க, இஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளிச் சில நிமிடம் ஓடவிட்டு, சுற்றைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள். இஞ்சினுக்கு எழுதியிருக்கும் உச்சச் சுற்று 3600 என்றால் அதைத் தொட வேண்டும். 3000-லேயே நின்று, பின்னால் கறுப்புப் புகை கக்கினால் புரொப்பல்லர் அளவு மீறியது. முழு டீசலும் உள்ளே போகிறது, அதை எரிக்கும் அளவுக்குச் சுற்று இல்லை. இப்படியே ஓட்டினால் இஞ்சின் சூடேறும், கரி படியும், ஆயுள் குறையும். இதற்கு மாறாக, த்ராட்டில் பாதியிலேயே சுற்று எகிறி, படகு மட்டும் வேகம் எடுக்கவில்லை என்றால் புரொப்பல்லர் சின்னது.

அவசரப்பட்டு உடனே புரொப்பல்லரைக் குறை சொல்லக் கூடாது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், த்ராட்டில் கேபிள் முழுசாக இழுக்காமல் இருந்தாலும், இறக்கையில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டியிருந்தாலும் சுற்று குறையும். இவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பிட்ச்சில் கை வைக்க வேண்டும். நிலையான வெண்கல இறக்கையை ஒன்று, ஒன்றரை அங்குலம் வரை கூட்டவோ குறைக்கவோ பட்டறையில் முடியும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அங்குலம் மாற்றி, மறுபடி கடலில் ஓட்டிப் பார்ப்பதே நல்ல வழி.

முழுச் சுற்றை ஏன் தொட வேண்டும், நாம்தான் மெதுவாக ஓட்டப்போகிறோமே என்று கேட்கலாம். புரொப்பல்லர் இழுக்கும் சக்தி சுற்றின் மும்மடிக்கு ஏறக்குறைய ஏற்றாற்போல் கூடும். 80 சதவீதச் சுற்றில் ஓடினால் 0.8-ன் மும்மடி, அதாவது கிட்டத்தட்ட பாதி சக்திதான் செலவாகும். டீசலும் அந்த அளவுக்கு மிச்சம். உச்சத்தைத் தொடும்படி அளவு சரியாக இருந்தால், சாதாரணப் பயணச் சுற்றில் இஞ்சின் மூச்சு வாங்காமல் ஓடும். எதிர்காற்றில், அலை முகத்தில் அடிக்கும்போது கூடுதல் சக்தியும் கையில் இருக்கும். நம் கடலில் கச்சானை எதிர்த்துக் கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே போக வேண்டும் என்றால் அந்த மிச்ச சக்திதான் உயிர்.

எந்த வகை

சரி, அளவு தெரிந்துவிட்டது. இப்போதுதான் பாய் விஷயம் வருகிறது.

நிலையான மூன்று இறக்கை புரொப்பல்லர் எல்லாவற்றிலும் எளிது, விலை குறைவு, நன்றாகத் தள்ளும், ரிவர்ஸும் நன்றாகப் பிடிக்கும், அசையும் பாகம் எதுவும் இல்லை. பாயில் ஓடும்போது மட்டும் அதன் மூன்று இறக்கைகளும் நீருக்குக் குறுக்கே நிற்கும். மெல்லிய காற்றில் அரை நாட், சில படகுகளில் ஒரு நாட் வரைகூட இதனால் போய்விடும். அரை நாட் சின்னதாகத் தெரியலாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி ஏறக்குறைய 150 கடல் மைல். 6 நாட்டில் 25 மணி நேரம். 5.5 நாட்டில் 27 மணி நேரத்துக்கு மேல். பகலில் போய்ச் சேர வேண்டிய துறைமுகத்துக்கு இருட்டில் போய்ச் சேருவீர்கள், தெரியாத துறைமுகம் என்றால் அந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயம்.

நிலையான இரண்டு இறக்கை புரொப்பல்லரின் இழுவை குறைவு, தள்ளும் சக்தியும் கொஞ்சம் குறைவு, அதிர்வு கூடுதல். ஆனால் நீளமான கீல் உள்ள பழைய வகைப் படகில் இதற்கு ஒரு அருமையான வசதி உண்டு. புரொப்பல்லர் கீலுக்கு நேர் பின்னால் இருப்பதால், இரண்டு இறக்கைகளையும் செங்குத்தாக நிறுத்திவிட்டால் கீலின் மறைவில் ஒளிந்துகொள்ளும். அது நீருக்கடியில் எப்படி நிற்கிறது என்று மேலிருந்து தெரியாதே? படகு கரையில் இருக்கும்போதே இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே சாஃப்ட்டின் மேல்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். பாய் விரித்தபின் அந்தக் கோடு மேலே வரும்வரை சாஃப்ட்டைக் கையால் திருப்பிவிட்டுக் கியரைப் போட்டால் முடிந்தது. செலவே இல்லாத இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

மடங்கும் புரொப்பல்லரில் இறக்கைகள் குடத்தில் கதவைப்போல மடங்குமூட்டு போட்டு மாட்டியிருக்கும். இஞ்சின் நின்றதும் நீரோட்டம் அவற்றைப் பின்பக்கமாகத் தள்ளி மூடிவிடும், பூ மொட்டானதுபோல ஒடுங்கிக்கொள்ளும். இழுவை மிகமிகக் குறைவு. இஞ்சினைப் போட்டதும் மையவிலக்கு விசையால் விரியும். ரிவர்ஸ்தான் இதன் பழைய குறை: ரிவர்ஸில் உண்டாகும் தள்ளுவிசை இறக்கைகளை மூடப் பார்க்கும், மையவிலக்கு விசை மட்டுமே திறந்து பிடித்திருக்கும். இறக்கைகளைப் பல்சக்கரத்தால் ஒன்றோடொன்று இணைத்துச் செய்கிற இன்றைய மடங்கு வகைகளில் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. டென்மார்க்கின் ஃப்ளெக்ஸோஃபோல்ட், கோரி ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை.

அடுத்தது இறக்கை திரும்பும் வகை. இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். நாகர்கோவில் போகும் வழியில் பணகுடிப் பக்கம் பஸ்ஸின் ஜன்னலில் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் பெரிய காற்றாலையின் இறக்கைகள் தட்டையான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல், ஓரத்தைக் காட்டித் திரும்பி நிற்கும். ஆடிக் காற்று எவ்வளவு வீசினாலும் அதைப் பிடித்து இழுக்க அங்கே எதுவும் இல்லை. இந்த புரொப்பல்லர் நீருக்குள் செய்வதும் அச்சாக அதுதான். குடத்துக்குள் பல்சக்கரங்கள் உண்டு. சாஃப்ட் நின்றதும் ஓடும் நீரே ஒவ்வொரு இறக்கையையும் அதன் அச்சில் திருப்பி ஓரம் காட்ட வைத்துவிடும். கியரைப் போட்டதும் சாஃப்ட்டின் முறுக்கு இறக்கைகளை நாம் குறித்து வைத்த பிட்ச்சுக்குத் திருப்பும். ரிவர்ஸ் போட்டால் முழுதாகப் புரண்டு, முன்னோரம் எப்போதும் முன்னாலேயே இருக்கும்படி நிற்கும், அதனால் ரிவர்ஸில் இதை மிஞ்ச ஆளில்லை. திரும்ப வேண்டும் என்பதால் இறக்கை முறுக்கில்லாமல் தட்டையாக இருக்கும், முன்னோக்கித் தள்ளுவதில் சின்ன நஷ்டம் உண்டு. இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இதில் இன்னொரு பெரிய வசதி, பிட்ச்சை நாமே மாற்றலாம். மேலே சொன்ன கடல் சோதனையில் சுற்று குறைந்தால் புதிது வாங்க வேண்டாம், கோணத்தை மாற்றினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை குடத்துக்குள் கிரீஸ் அடைக்க மறக்கக் கூடாது.

விலை என்று வந்தால் மடங்குவதும் திரும்புவதும் நிலையானதைப்போலப் பல மடங்கு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கணக்கு லட்சங்களில் போகும்.

பாயில் ஓடும்போது சுற்ற விடுவதா, நிறுத்துவதா

நிலையான புரொப்பல்லர் வைத்திருப்பவர்கள் அதிகம் வாக்குவாதம் செய்வது இதில்தான். சுற்றுகிற புரொப்பல்லர் ஒரு முழுத் தட்டுபோல நீரைத் தடுக்கும், நிறுத்தினால் இழுவை குறையும் என்று பல காலம் நம்பினார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தில் தொட்டியில் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டது: தடையில்லாமல் சுற்ற விட்டால் இழுவை குறைவு, பூட்டி நிறுத்தினால் அதிகம். வேகத்தை மட்டும் பார்த்தால் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் இஞ்சின் ஓடாதபோது சில கியர் பாக்ஸ்களுக்குள் எண்ணெய் ஓட்டம் இருக்காது, சாஃப்ட் மட்டும் இரவு முழுக்கச் சுற்றினால் தேயும். எந்த கியர் பாக்ஸ் எப்படி என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மடங்கும் வகைக்கும் திரும்பும் வகைக்கும் இந்தச் சந்தேகமே இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டு சாஃப்ட்டை நிறுத்தினால்தான் அவை ஒடுங்கும்.

ரிவர்ஸ் போடும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்குவதையும் தெரிந்துவைத்திருங்கள். வலச்சுற்று புரொப்பல்லர் ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். எந்த வகை வாங்கினாலும் இது கொஞ்சமாவது இருக்கும். துறைமுகத்தில் கட்டும்போது இடப்புறத்தைச் சுவருக்குக் காட்டி வந்தால் இதே குணம் உதவியாக மாறிவிடும்.

நம் கடலுக்கு என்று சில

வெளிநாட்டுக் குளிர் கடலுக்கு எழுதிய அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் கொட்டலசு வேகமாகப் பிடிக்கும். கொஞ்ச நாள் நங்கூரத்தில் சும்மா கிடந்த படகின் இறக்கையில் வெள்ளை வெள்ளையாகக் கூம்புகள் எழுந்துவிடும், இஞ்சினைப் போட்டால் சத்தம்தான் வரும், படகு நகராது. மடங்கும் வகையில் இன்னும் கவனம் வேண்டும். மடங்குமூட்டிலும் பல்சக்கர இடுக்கிலும் கொட்டலசு புகுந்தால் ஒரு இறக்கை விரியும், மற்றது விரியாது, படகே குலுங்கும். அதிகம் நிறுத்தி வைத்து எப்போதாவது ஓட்டும் படகுக்கு நிலையான புரொப்பல்லர்தான் என் சிபாரிசு. முகமூடி போட்டு முங்கி, அகலமான உளியால் ஐந்து நிமிடத்தில் சுரண்டிவிடலாம்.

அடுத்தது வலை. கூட்டப்புளியிலிருந்து பெரியதாழைவரை இரவில் வலை விரித்துக் கிடக்கும், மிதவை எப்போதும் கண்ணில் படாது. வலை அறுந்தால் நஷ்டம் அந்த மீனவர் குடும்பத்துக்கு. அதனால் கரையோரத்தில் இரவில் இஞ்சினில் போவதைத் தவிர்ப்பது மரியாதை. முடிந்தவரை ஆழத்துக்கு விலகிப் போங்கள். பாயில், சாஃப்ட் நின்ற நிலையில், ஒடுங்கிய இறக்கையோடு போனால் வலை சிக்கும் வாய்ப்பும் குறைவு. சுற்றும்போது சிக்கிய நைலான் சாஃப்ட்டில் இறுகி, சூட்டில் உருகிக் கட்டியாகிவிடும், பிறகு கத்தியால் சீவித்தான் எடுக்க வேண்டும். முங்குவதற்கு முன் இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து முங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உலோகத்தையும் பார்க்க வேண்டும். வெண்கலம் என்று விற்கும் மாங்கனீஸ் வெண்கலம் உண்மையில் துத்தநாகம் நிறைய கலந்த பித்தளைதான். கடல் நீரில் அந்தத் துத்தநாகம் கரைந்து வெளியேறினால் மிச்சமிருப்பது பஞ்சான செம்பு. கத்தி முனையால் கீறிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த இறக்கை உள்ளே வலுவிழந்துவிட்டது, ஒரு கட்டை இடித்தாலும் உடையும். நிக்கல் அலுமினியம் வெண்கலம் இதைவிட நெடுநாள் தாங்கும். எதுவானாலும் சாஃப்ட்டில் துத்தநாகக் கட்டி மாட்டி, பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அது தன்னைக் கரைத்துக்கொண்டு புரொப்பல்லரைக் காப்பாற்றும்.

இவ்வளவும் பார்த்தபின் என்ன வாங்குவது? தூத்துக்குடியிலோ சின்னமுட்டத்திலோ படகை வைத்து, வார இறுதியில் சில மணி நேரம் போய்வருபவருக்கு நிலையான இரண்டு அல்லது மூன்று இறக்கை போதும், மிச்சப் பணத்தில் நல்ல பாய் தைக்கலாம். மாலைத்தீவு, அந்தமான் என்று நாள்கணக்கில் பாயில் போகிறவருக்குத் திரும்பும் வகையோ பல்சக்கரம் வைத்த மடங்கும் வகையோ கொடுத்த காசுக்கு வேலை செய்யும். இரண்டில் எது என்று தயங்கினால், நெருக்கமான துறைமுகங்களில் அடிக்கடி ரிவர்ஸ் போட வேண்டியவர் திரும்பும் வகையையும், திறந்த கடலில் வேகமே முக்கியம் என்பவர் மடங்கும் வகையையும் எடுக்கலாம்.

ஆர்டர் போடும்போது இஞ்சினின் குதிரைத்திறன், உச்சச் சுற்று, கியர் விகிதம், சுற்றும் திசை, நீரைத் தொடும் நீளம், படகின் எடை, புரொப்பல்லர் நிற்கும் இடத்தின் அளவு இத்தனையும் எழுதிக் கொடுங்கள். சாஃப்ட் முனையின் கூம்புச் சரிவை, அதாவது எவ்வளவு நீளத்துக்கு விட்டம் ஒன்று குறைகிறது என்பதை, அளக்காமல் மட்டும் ஆர்டர் போடாதீர்கள். மெட்ரிக் சாஃப்ட்டில் அது பத்துக்கு ஒன்று, அமெரிக்கப் படகுகளில் பதினாறுக்கு ஒன்று, பழைய பிரிட்டிஷ் படகுகளில் பன்னிரண்டுக்கு ஒன்று. ஒன்றுக்கு வார்த்த குடம் மற்றதில் உட்கார்ந்ததுபோலத் தெரியும், ஆனால் ஒரு விளிம்பில் மட்டுமே பிடித்திருக்கும், ஒருநாள் கழன்றுவிடும். புதியது வந்து மாட்டியபின் பழைய நிலையான புரொப்பல்லரை எடைக்குப் போட்டுவிடாமல், அதைக் கழற்றும் புல்லரோடும் ஒரு உபரி நட்டோடும் சேர்த்துப் படகின் அடித்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாலைத்தீவில் ஒரு இறக்கை உடைந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டு வீடு திரும்ப அது போதும்.